மச்சு பிச்சுவில் மூடிய கை

என் மகளின் வலது கையைப் பிரிக்க மூன்று பேர் தேவைப்பட்டோம். நான், என் அண்ணன், எங்கள் பாஷை தெரியாத ஒரு லேடி டாக்டர். ஒன்பது வயதுப் பிள்ளையின் கைதான். ஆனால் விரல்களை அப்படி இறுக்கி வைத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. கேட்டால் பதில் இல்லை. நான் போட்ட கூச்சலில் அந்தச் சின்னக் கிளினிக்கின் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

இது நடந்தது பெரு நாட்டில், மச்சு பிச்சு மலையின் அடிவாரத்து ஊரில். மலேசியாவில், ஈப்போவில் ஃபிளாட்டில் குடியிருக்கும் எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அண்ணன்தான் காரணம். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் மண்வாரி இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மனிதர், அங்கிருந்து ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கம், பிறகு பெருவில் ஒரு செம்புச் சுரங்கம் என்று எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மகள் என்றால் அவருக்கு உயிர். "ஸ்கூல் லீவுல புள்ளையக் கூட்டிக்கிட்டு வா லா, மலை மேல கல்லாலயே ஒரு ஊரு கட்டி வச்சிருக்கான், வந்து பாரு" என்று வீடியோ காலில் நச்சரித்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டார். என் கணவருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும் கிளம்பினோம்.

கிளம்புகிற அன்று மகள் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டைப் பார்த்து, "போய்ட்டு வாரேன் சாமி" என்றாள். அங்கே ஒரு மைலோ டின் இருக்கிறது. மஞ்சள் துணி சுற்றியிருக்கும். அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

நான் பிறந்தது பத்து காஜாவுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் மேல் எனக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது. மூட்டைப்பூச்சியும் ஒழுகுகிற தகரக் கூரையும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, செம்பனையும் போய் நிலம் கைமாறியது. நாங்கள் குடியிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்துத் தள்ளினார்கள். சிமெண்டுத் தரைகள் மட்டும் புல்லுக்குள் கிடந்தன. கடைசியாக நின்றது முனியாண்டி சாமி கோயில். போன வருடம் அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு சூலம், ஒரு கல், மேலே நாலு தகரம். அவ்வளவுதான் கோயில். ஆனாலும் அப்படியே விட்டுவிட முடியுமா? சாமியின் காலடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, புதிய இடம் கிடைத்ததும் அங்கே வைத்துக் கோயில் எழுப்ப வேண்டும் என்று கூடிப் பேசினார்கள். பிடிமண் எடுத்து வருவது எங்கள் ஆட்களின் வழக்கம். வயதுக்கு வராத பெண்பிள்ளை கையில்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்று பூசாரி சொன்னார். அன்று வந்திருந்தவர்களில் அப்படிப்பட்ட பிள்ளை என் மகள் ஒருத்திதான். மண்ணை மைலோ டின்னில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஈப்போ வரை காரில் வந்தாள். எல்லாரும் அவளைக் கெட்டிக்காரி என்று மெச்சினார்கள். அவள் சுமந்து வந்ததால், இடம் கிடைக்கும்வரை சாமி எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. கோயில் கமிட்டி கூடுகிறது, டீ குடிக்கிறது, கலைகிறது. அரிசி டின்னுக்கும் பழைய மிக்ஸிக்கும் நடுவில் சாமி இருக்கிறார்.

சரி, பெருவுக்கு வருகிறேன்.

நான் ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். இந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. எல்லா நோயின் பெயரும் தெரியும், எதையும் குணப்படுத்தத் தெரியாது. உயரமான மலைகளுக்குப் போனால் காற்றுக் குறைந்து மூளையில் நீர் கோத்துக்கொள்ளும், ஆள் பேச்சு மூச்சில்லாமல் போய்விடுவார் என்று கிளம்புவதற்கு முன்பே போனில் படித்துப் படித்துப் பாதி செத்திருந்தேன். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றைக் கையோடு கொண்டுபோனேன். குஸ்கோ நகரத்தில் இறங்கியதிலிருந்து நினைத்த போதெல்லாம் அதை மகளின் விரலில் மாட்டினேன். "புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஒனக்குத்தான் தல சுத்துது, பெனிங்" என்று அண்ணன் சிரித்தார். மகள் அங்கே இங்கே ஓடினாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

மச்சு பிச்சு அந்த நகரத்தைவிடத் தாழ்வான இடம். கஷ்டமெல்லாம் தாண்டியாயிற்று என்று நினைத்தேன். ரயிலில் அடிவாரத்து ஊருக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறினோம். வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்து உள்ளே விட்டார்கள். மூடுபனி விலகியதும் அந்த ஊர் தெரிந்தது. நான் "ஐயோ" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. யாரோ அத்தனை கல்லையும் இழைத்து இழைத்து, ஊசி நுழையாமல் அடுக்கி, அதை மலை உச்சியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் மகள் வாயைப் பிளக்கவில்லை. கூரையில்லாத வீடுகள் வரிசையாக நிற்பதை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது லயம்" என்றாள்.

அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. "ஆமா லா! அதோ அந்த வெட்டவெளிதான் பெரட்டுக் களம். காலைல எல்லாரும் அங்க வந்து பேரு குடுக்கணும். மேல தனியா இருக்கு பாரு, அதுதான் தொர பங்களா."

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண் நல்ல இங்கிலீஷ் பேசினாள். ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் ராஜாவின் வீட்டுக்குப் போய், பிறகுதான் மற்ற தொட்டிகளுக்கு இறங்குகிறது என்று காட்டினாள். "பாத்தியா, இங்கயும் மொதத் தண்ணி தொரைக்குத்தான்" என்று அண்ணன் தமிழில் முணுமுணுத்தார். நான் சத்தமாகச் சிரித்ததில் காவலாளி ஒருவர் விசில் ஊதினார்.

மூன்று ஜன்னல்கள் வைத்த ஒரு கோயிலுக்கு வந்தோம். சுவர்களில் மாடங்கள் இருந்தன. எங்கள் ஆட்கள் விளக்கு வைக்க விடுவார்களே, அந்த மாதிரி. எல்லாம் காலி. மகள் அந்தப் பெண்ணிடம் தன் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டாள். இங்கே இருந்த ஆட்கள் எங்கே போனார்கள்?

போரும் நோயும் வந்தன, ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், எப்படி, எப்போது என்று சரியாகத் தெரியாது என்றாள் அவள்.

சாமியை எடுத்துக்கொண்டு போனார்களா?

அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறினாள். அதுவும் தெரியாது என்றாள்.

அப்படியென்றால் இப்போது சாமியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

"யாருமில்லை" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "நாங்கள் வழிகாட்டிகள்தான் இருக்கிறோம். சாயந்தரம் நாங்களும் போய்விடுவோம்."

மகள் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். அவள் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டியது ஓரக்கண்ணில் தெரிந்தது. நிமிர்ந்தபோது வலது கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். குளிருகிறது போல என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. அங்கே ஒருவழிப் பாதை. போன வழியில் திரும்பி வர முடியாது. மகள் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். கடைசி வளைவில் முழு ஊரும் பின்னணியில் தெரிகிற இடம் வந்தது. "இங்க திரும்பு, அம்மாவப் பாரு, ஒரு படம்" என்றேன். திரும்பவில்லை. "ஏய், ஒன்னத்தான்!" திரும்பவில்லை. தூரத்திலிருந்து வந்த ஜனங்களெல்லாம் அந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, என் பிள்ளை அந்த ஊரை ஏறெடுத்தும் பார்க்காமல் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் கூட்டிவந்தால் இந்தத் திமிரா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை. சாக்லேட்டை நீட்டினார். பார்க்கக்கூட இல்லை. சாக்லேட்டை வேண்டாமென்கிற பிள்ளை இல்லை அவள். அப்போதுதான் எனக்குப் பகீரென்றது.

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். கண்கள் நேராக எதிர் சீட்டின் முதுகில் நிலைகுத்தியிருந்தன. "தல வலிக்குதா? வாந்தி வருதா? ஒன் பேரு என்ன, சொல்லு." பதில் இல்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. உதடுகளை ஒட்டவைத்ததுபோல மூடியிருந்தாள். வலது கை மடங்கி நெஞ்சோடு விறைத்திருந்தது. தொட்டால் இன்னும் இறுகியது. பேச்சு இல்லை, ஒரு பக்கக் கை மடக்கம், பார்வை நிலைகுத்தல். எங்கள் கிளினிக்கின் சுவரில் பக்கவாதத்தின் அறிகுறிகள் என்று ஒட்டியிருக்கும் படம் என் கண் முன்னால் வந்தது.

இடது கை விரலில் மெஷினை மாட்டினேன். நல்ல அளவுதான் காட்டியது. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்தேன்.

"அண்ணே, புள்ளைக்கு மூளையில தண்ணி கோத்துக்கிச்சு!" என்று அலறினேன். சுரங்கத்தில் மண் சரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டதையெல்லாம் பார்த்த மனிதர் அவர். அவரே வெலவெலத்துப்போனார். டிரைவரிடம் ஸ்பானிஷில் ஏதோ கத்தினார். அந்த மலைப்பாதையில் வேகமாக எங்கே போவது? ஒவ்வொரு வளைவிலும் மேலே ஏறுகிற பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். வேண்டாத சாமி இல்லை. முருகா, மாரியாத்தா என்று கூப்பிட்டு, கடைசியில் முனியாண்டியிடம் வந்தேன். "எங்க வீட்டுல இருக்கிற சாமிதானே நீ, என் புள்ளைய மட்டும் காப்பாத்து" என்று வாய்விட்டே சொன்னேன். அப்போது மட்டும் மகளின் கண் என் பக்கம் ஒரு நொடி வந்து போனது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பஸ் நின்றதும் அண்ணன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆற்றங்கரையோரம் ஒரு கிளினிக். டாக்டர் இளவயதுப் பெண். என்னைவிடச் சின்னவளாகத்தான் இருக்க வேண்டும். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாள், முழங்காலில் தட்டினாள். கால் துள்ளியது. அவள் முகத்தில் குழப்பம்தான் தெரிந்தது. அண்ணனிடம் ஏதோ சொன்னாள். "ஒரு கோளாறும் தெரியலங்கிறாங்க. அந்தக் கையைப் பாக்கணுமாம்" என்றார் அண்ணன்.

கை திறக்கவில்லை. டாக்டர் மெதுவாக முயன்றாள். பிறகு நான். பிறகு மூவரும் சேர்ந்து. நான் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தபோது மகளின் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே சத்தமாக வெடித்தது.

"வேணாம்மா!"

கை திறந்துகொண்டது. ஒரு பிடி கறுப்பு மண், இரண்டு புல்வேரோடு, கிளினிக்கின் வெள்ளைத் தரையில் சிதறியது.

ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதெல்லாம் ஒன்றுதான். என் பிள்ளைக்குப் பேச்சு வருகிறது, கை வருகிறது, ஒன்றுமே இல்லை. அடுத்த விநாடி அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். அந்த டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அறையை எல்லாம் மகள் சட்டை செய்யவே இல்லை. அவள் தரையைப் பார்த்துத்தான் கதறிக்கொண்டிருந்தாள்.

"கீழ விழுந்துருச்சு! பேச வச்சிட்டீங்க! பேசக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது, கீழ வைக்கக் கூடாதுன்னு பூசாரி சொன்னாருல்ல! இப்ப சாமி விழுந்துருச்சு!"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் தோட்டத்தில் பூசாரி சொன்ன மூன்று கட்டளைகள். பிடிமண் எடுத்து வருகிற பிள்ளை வீடு சேரும்வரை வாய் திறக்கக் கூடாது, பின்னால் திரும்பக் கூடாது, மண்ணைக் கீழே வைக்கக் கூடாது. அன்று காரில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான். அவள் பேசாமல் வந்ததைப் பார்த்து உச்சி முகர்ந்தவள் நான். அதே பிள்ளை அதே மாதிரி வருகிறாள், எனக்குத் தெரியவில்லை. பக்கவாதம் என்கிறேன், மூளையில் தண்ணீர் என்கிறேன்.

அண்ணன் அந்தச் சடங்கின்போது ஊரில் இல்லை. அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்தவர் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, அங்கிருந்து ஒரு சின்னக் கல்ல எடுத்தாக்கூட போலீஸ் லா. கேஸ் ஆச்சுன்னா என் வேல போயிரும், நாட்ட விட்டே அனுப்பிருவான்" என்று ரகசியக் குரலில் சொன்னார். ரகசியமாகச் சொல்லத் தேவையே இல்லை, தமிழ்தானே. ஆனாலும் குரல் இறங்கிவிட்டது.

"எதுக்குடி எடுத்த?" என்று கேட்டேன். கத்துவதற்குத் தெம்பு இல்லை.

அவள் தேம்பிக்கொண்டே சொன்னாள். "அங்க யாருமே இல்லல்ல. சாயங்காலம் அந்த அக்காவும் போயிருவாங்க. ஆளில்லாத எடத்துல சாமியத் தனியா விடக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன."

சொன்னேன்தான். தோட்டத்தில், அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றுகொண்டு.

"நம்ம சாமியும் வீட்டுல தனியாத்தான் இருக்கு. நீ வேலைக்குப் போயிர்ற. அப்பாவும் போயிர்றாரு. நானும் ஸ்கூலுக்குப் போயிர்றேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா பேசிக்குவாங்க."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் வந்த பயத்தைவிட இது பெரிய அதிர்ச்சி. அந்த டின்னை நான் வாரம் ஒருமுறை துடைக்கிறேன், வெள்ளிக்கிழமை ஊதுபத்தி காட்டுகிறேன், எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் நாங்கள் மூவரும் கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகு அந்த அலமாரிக்குள் என்ன நடக்கும் என்று யோசித்த ஒரே ஆள் இவள்தான். போன வருடத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

துடைப்பத்தோடு ஓர் ஆள் உள்ளே வந்தார். "வேணாம், வேணாம்" என்று தமிழிலேயே தடுத்தேன். முட்டிபோட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணைக் கூட்டி அள்ளினேன். டாக்டர் ஒரு காகிதக் குவளையைக் கொண்டுவந்து தந்தாள். என்ன மண் என்று அண்ணனைக் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. ஸ்பானிஷில் உண்மையைச் சொன்னார். எவ்வளவு புரிந்ததோ, அவள் என் மகளின் தலையில் கை வைத்துவிட்டு, மலை இருக்கிற திசையைக் காட்டி ஏதோ சொன்னாள். "திருப்பிக் கொண்டுபோயி விட்டுரச் சொல்றாங்க" என்றார் அண்ணன்.

மறுநாள் காலையில் ரயிலுக்கு முன்னால் ஆற்றுப் பாலம் வரை நடந்தோம். மலைக்கு ஏறுகிற பாதை அங்கேதான் தொடங்குகிறது. அங்கே நின்ற காவலாளியிடம் அண்ணன் குவளையைக் காட்டி, பிள்ளை தெரியாமல் எடுத்துவிட்டது என்று சொன்னபோது நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குவளைக்குள் எட்டிப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மலையோரமாகக் கொட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். நான்தான் கொட்டினேன். மகள் பாலத்திலேயே நின்றுவிட்டாள். "வா, நீயும் கும்பிட்டுக்க" என்றேன். "பாதியில கொண்டாந்து விட்டுட்டு எப்படிம்மா கும்பிடுறது?" என்றாள். கும்பிடவில்லை.

மீதி லீவு எப்படிப் போனது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அண்ணன் விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. "நானும் ஊருக்கு வந்துரட்டுமா லா?" என்று என்னைக் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று அப்போது நினைத்தேன்.

ஈப்போவில் கணவர் பஸ் நிலையத்துக்கு வந்து எங்களைக் கூட்டிப்போனார். ஃபிளாட்டின் லிஃப்ட் வழக்கம்போல ரிப்பேர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, கோயில் நிலம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கூட்டத்தத் தள்ளிப் போட்டுட்டாங்க. தலைவருக்கு வேற வேலையாம். அடுத்த மாசம் பாப்போம்னு சொன்னாங்க" என்றார். அடுத்த மாதமும் இதைத்தான் சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும்.

கதவைத் திறந்ததும் மகள் எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். சமையலறையில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் போய் வாசற்படியில் நின்றேன். அவள் ஸ்டூலில் ஏறி, மைலோ டின்னின் மஞ்சள் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிக்கிட்டுத்தான் வந்தேன் சாமி. கீழ விழுந்துருச்சு. அதனால வேற யாரும் வரல. நான் மட்டும்தான் வந்திருக்கேன்."

"யாருகிட்ட பேசுறா?" என்று பின்னாலிருந்து கணவர் கேட்டார். நான் உள்ளே போய் அந்த ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.